மிதிவெடிக் கடன்

சவ்வாது மலையின் அடிவாரத்தே செங்கம் என இன்று வழங்கும் ஊர், கழகக் காலத்தில் செங்கண்மா எனப் பெயர் பெற்றிருந்தது. அவ்வூர்த் தலைவன் நன்னனைக் காணச் செல்லும் கூத்தர்க்கு வழி சொல்லும் நூலே மலைபடுகடாம். வழி சொல்லும் நூலாதலின் வழியின் இடரும் அதில் சொல்லப்பட்டுள்ளது. விளைபுனத்தை அழிக்கவரும் காட்டுப் பன்றிகட்கு அஞ்சி, மலைவாழ் மக்கள் அவை நுழையும் புழைதோறும் கருங்கற் பொறிகளை மாட்டி வைத்திருப்பர். ஆகலின் இருளில் நடவாது பொழுது விடிந்தபின் செல்க என்று பெருங்கௌசிகனார் கூறுகின்றார். புனங்காப்போர் எறியும் கவண்கல் வரும் இடத்தில் மரத்தின் மறைவிலே ஒதுங்கிச் செல்லவும் அவர் சொல்லத் தவறவில்லை.

அப் பொறியை வைத்தவன் யாரென்பதை ஊர் அறியும். எதற்காக வைத்தான் என்பதையும் அறியும். பன்றி விழுந்தால் அவனே வந்து எடுப்பான்; விளைச்சல் வீடு வந்து சேர்ந்தால் அவனே கழற்றி வைப்பான். வழிப்போவார்க்கு முன்கூட்டிச் சொல்லும் கடமையும் அவனதே. தமிழ் மலைமகன் பொறிக்கு வகுத்த அறம் இவ்வளவுதான். எனினும் இற்றை உலகின் வல்லரசுகள் இதனை எட்டிப் பிடிக்க இன்னும் நெடுந்தொலைவு நடக்க வேண்டும்.

இப் பாட்டு எழுந்த மொழியைப் பேசும் மக்களே வாழும் வன்னி நிலத்தில், 2009ஆம் ஆண்டு விடைத் திங்களில் போர் ஓய்ந்தது. ஓயாதவை மண்ணுக்குள் கிடக்கின்றன. வைத்தவனுக்கும் இடம் மறந்துபோன பொறிகள் அவை. பன்றிக்கு வைத்த பொறி பன்றியோடு முடியும். இவையோ விறகு பொறுக்கச் செல்லும் கிழவியையும், மாடு தேடிச் செல்லும் சிறுவனையும், தன் தந்தையின் காணியைப் பதினைந்தாண்டு கழித்துத் திருத்தப் புகும் உழவனையும் எதிர்நோக்கிக் கிடக்கின்றன. ஈழத்து மக்கள் இதற்கு 'மிதிவெடி' என்று பெயரிட்டனர். சென்னைத் தொலைக்காட்சிகள் ஆங்கிலச் சொல்லையே உருட்டிக்கொண்டிருக்க, வன்னியின் எழுத்தறியா மூதாட்டி செய்து தந்த சொல் போலும் இது! காலால் மிதித்தால் வெடிப்பது. வேறு விளக்கம் வேண்டாத சொல். வன்னிப் பள்ளிகளில் உயிரெழுத்துக் கற்கும் பருவத்திலேயே குழந்தைகட்கு அதன் படத்தைக் காட்டித் 'தொடாதே' எனக் கற்பிக்க வேண்டியதாயிற்று.

இவற்றை வைத்தவர் யாவர்? இவ் வினாவிற்கு மூன்று விடைகள் உள. மூன்றையும் ஒருங்கே சொல்லும் துணிவு தமிழ்நாட்டு மேடைகளில் அரிதாகவே காணப்படுகின்றது.

முதலாவது, சிங்கள அரசின் படை. முகாம்களைச் சுற்றியும் முன்னரண் வரிசைகளிலும் அது பட்டை பட்டையாகக் கண்ணிவெடி புதைத்தது. அவற்றுட் பெருந்தொகையானவை பாக்கித்தானில் வார்க்கப்பட்ட 'பி4' வகையின. இரண்டாவது, 'அமைதி காக்கும் படை' என்னும் பெயரோடு 1987இல் சென்று 1990இல் திரும்பிய இந்தியப் படை. அதுவும் கண்ணிவெடி புதைத்தது என்பது பன்னாட்டுக் கண்ணிவெடி ஆய்வறிக்கைகளில் பதிவாகியுள்ளது. மூன்றாவது, விடுதலைப் புலிகள். அவர்கள் தம் கையாலேயே மிதிவெடி செய்தனர். 'சொனி' எனத் தம் தோழன் ஒருவன் பெயரையே அதற்கு இட்டனர். நெடிய காப்பு வரிசைகளில் அவற்றை விதைத்தனர். ஒடுக்கப்பட்ட இனம் கையில் கிடைத்ததைக் கொண்டு போரிட்டது என்பர் சிலர். அது வரலாறு பேசும் செய்தி. மண்ணுக்குள் கிடக்கும் வெடி வரலாறு அறியாது. காலின் எடையை மட்டுமே அறியும்.

முகமாலை என்னும் ஊரைத் தமிழர் யாவரும் அறிவர். யாழ்ப்பாணத்தையும் வன்னியையும் இணைக்கும் ஒடுங்கிய நிலத்தில் கண்டிச் சாலையின்மேல் இருப்பது. 2000ஆம் ஆண்டில் ஆனையிறவு புலிகள் கைக்கு வந்தபின், கிளாலியிலிருந்து முகமாலை வழியே நாகர்கோவில் வரை (குமரிமாவட்டத்து நாகர்கோவில் அன்று, வடமராட்சி கிழக்கிலுள்ளது) இருபடைகளும் ஏறத்தாழ ஒன்பது ஆண்டு எதிரெதிர் நின்றன. அந்த ஒன்பதாண்டின் அச்சமெல்லாம் அங்கே அடுக்கடுக்காகப் புதைந்தது. ஒருவர் வைத்ததன் மேல் மற்றவர் வைத்தனர். பனைகள் தலையிழந்து நின்றன. வீடுகளின் அடித்தளமும் கிணறுகளும் புதருக்குள் மறைந்தன. உலகில் மிக நெருக்கமாகக் கண்ணிவெடி புதைக்கப்பட்ட இடங்களுள் ஒன்றாக அது ஆயிற்று. அங்கிருந்து போனவர் தம் வேலியின் அடையாளத்தைக்கூடத் திரும்பிக் காண இயலவில்லை.

இவ்விடத்தில் நடக்கும் வேலையை எண்ணிப் பார்க்க வேண்டும். சவ்வாது மலையில் சாமைக் கொல்லைக்குக் களையெடுக்கும் பெண்கள் குந்தியிருந்தே அடிக்கு அடி நகர்வர். களைக்கொத்தின் நுனி எவ்விடத்தில் மண்ணைத் தொட வேண்டுமென்பதை அவர்தம் கை அறியும். முகமாலையில் மிதிவெடி எடுக்கும் பெண்களின் இருக்கையும் நகர்வும் அவ்வாறே. அங்குப் பயன்படும் கருவியும் உழவன் கருவியே: நீண்ட காம்பில் இரும்புப் பல் பொருந்திய வாருகோல். பி4 போன்ற வெடிகளில் மாழை மிகக் குறைவாதலின் மாழை காட்டும் பொறி பல இடங்களில் ஏமாற்றிவிடும். ஆகலின் கடினமான மேல்மண்ணைக் கனத்த வாருகோலால் இளக்கி, இளகியதை மெல்லிய வாருகோலால் பக்கவாட்டில் சிறுகச் சிறுக வாரி, வெடியின் விளிம்பு தெரியும்போது நிறுத்துவர். மேலிருந்து அழுத்தினால் வெடிக்கும். பக்கத்திலிருந்து வாரினால் புலப்படும். வடபுலத்து மணல் நிலத்திற்கேற்ப அங்கேயே செம்மைப்பட்ட முறை இது. முகத்தில் கனத்த காப்புக் கண்ணாடி, மார்பில் பாரமான அங்கி, தலைக்குமேல் ஆனையிறவு வெயில். ஒருநாள் முழுதும் குந்தி உழைத்தாலும் ஒரு களத்துமேட்டின் பரப்புத் தேறாது. இவ் வேலை செய்வோரிற் பெண்கள் பலர். போரில் கணவனை இழந்து தனியே குடும்பம் தாங்குவோரும் அவருள் உளர். இவ் வேலையில் உறுப்பிழந்தவரும் உயிரிழந்தவரும் உண்டு.

ஆநிரை மீட்டுப் பட்டவனுக்குக் கல் நட்டு, பெயரும் பெருமையும் பொறித்து வைத்தது செங்கத்து நாடு. அக் கற்களைத் தொகுத்துத் தமிழ்நாட்டுத் தொல்பொருள் துறை 1972இல் நூலாகவே வெளியிட்டது. நிலம் மீட்கும் இப் பெண்டிர் பெயரைப் பொறிக்கக் கல் வேண்டா. அவர்க்கு அடுத்த திங்களுக்கு ஊதியம் வருமா என்பதையேனும் தமிழுலகம் கேட்டறிய வேண்டாவா?

அவ் வூதியம் எங்கிருந்து வருகின்றது? 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்திற்குப் பின்னரே ஒழுங்கான முறையில் கண்ணியகற்றல் அங்குத் தொடங்கிற்று. பிரித்தானியரின் 'ஏலோ' அறக்கட்டளையும் 'மாகு' என்னும் அமைப்பும் அவ்வாண்டிலேயே களத்தில் இறங்கின. பின்னர் 'தாசு', 'சார்ப்பு' எனும் உள்நாட்டு அமைப்புகள் சேர்ந்தன. இலங்கைப் படையின் கண்ணியகற்றும் பிரிவும் தன் அரசின் செலவில் வேலை செய்கின்றது. இதனை மறைப்பது நேர்மையன்று. ஏலோ ஒன்று மட்டுமே இதுவரை இரண்டரை நூறாயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணிவெடிகளை எடுத்துள்ளது. படைப்பிரிவு நீங்கலான இவ் வேலைக்கெல்லாம் பணம் தந்தோர் அமெரிக்கர், பிரித்தானியர், சப்பானியர், நோர்வேயர், கனடியர், ஆத்திரேலியர் முதலியோர். அமெரிக்க அரசு மட்டும் 2002 முதல் 7 கோடி வெள்ளிக்கு மேல் தந்தது. ஒரு கண்ணிவெடி செய்ய 3 வெள்ளி ஆகும். அதனை எடுக்க 300 முதல் 1000 வெள்ளி ஆகும் என்பது ஐக்கிய நாடுகள் அவை சொல்லும் கணக்கு. விதைப்பது மலிவு, களைவது மும்மடங்கன்று, நூறு முதல் முந்நூற்றுக்கும் மேற்பட்ட மடங்கு!

பிறர் கொடை பிறர் மனத்தைப் பொறுத்தது. 2025ஆம் ஆண்டு சனவரியில் அமெரிக்காவின் புதிய குடித்தலைவர் பதவியேற்ற நாளிலேயே அயல்நாட்டு உதவி அனைத்தையும் மூன்று திங்கள் நிறுத்தி வைக்கக் கையெழுத்திட்டார். உலகெங்கும் அமெரிக்கப் பணத்தில் நடந்த கண்ணியகற்றும் வேலைகள் அவ் வாரத்திலேயே நிறுத்தச் சொல்லப்பட்டன. பாதி வாரிய நிலத்தில் வாருகோலை ஊன்றிவிட்டு வீட்டுக்குப் போ என்பதன்றி இதற்கு வேறு பொருளில்லை. அவ்வாணை பின்னர் எங்கெங்கே தளர்ந்தது என்பது வேறு கதை. வாசிங்டனில் ஒருவர் எழுதுகோல் அசைந்தால் முல்லைத்தீவுக் கைம்பெண் வீட்டில் உலை கொதிப்பது நிற்கும் என்பதே இங்குக் கருதத்தக்கது.

கொடையாளர் கண்ணும் வேறு பக்கம் திரும்பிவிட்டது. உக்கிரைன் போருக்குப் பின் உலகக் கண்ணியகற்றும் பணத்தின் பெரும் பங்கு அந் நாட்டிற்கே செல்கின்றது. அங்கும் துன்பம் உண்டு, குறை கூறுவதற்கில்லை. ஆனால் 2024 நவம்பரில் அமெரிக்காவே அந் நாட்டிற்கு மிதிவெடி தர இசைந்தது. 2025இல் இலித்துவேனியா, இலாத்வியா, எசுத்தோனியா, பின்லாந்து, போலந்து ஆகியவை கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தினின்று விலக முடிவு செய்தன. நேற்றுவரை பிறர்க்கு அறம் ஓதிய ஐரோப்பா, தன் வீட்டு வாயிலில் பகை வந்தவுடன் ஓதியதை மடித்து வைத்துவிட்டது.

ஆப்பிரிக்காவைப் பாருங்கள். மொசாம்பிக்கில் உள்நாட்டுப் போர் 1992இல் முடிந்தது. நாடெங்கும் கண்ணிவெடி. இருபத்திரண்டு ஆண்டுக்கு மேல் பாடுபட்டு, 2015 செபுதம்பரில் கண்ணிவெடியற்ற நாடாக அது தன்னை உலகிற்கு அறிவித்தது. அங்கோலாவில் 1975இல் மூண்ட போர் 2002இல் ஓய்ந்தது. 1997இல் தயானா இளவரசி அந் நாட்டின் உவாம்போ நகரருகே காப்பங்கி அணிந்து நடந்தார் என்பதற்காகவே உலகம் அந் நிலத்தைத் திரும்பிப் பார்த்தது. அதற்கு முன்பே அங்குக் காலிழந்தோர் கணக்கின்றி இருந்தனர் என்பதை அவ்வுலகம் அறியாததன்று. வெளியார் கொடை சுருங்கிய வேளையில், 2019இல், அங்கோலா அரசு தன் கருவூலத்திலிருந்தே 6 கோடி அமெரிக்க வெள்ளியைத் தன் தென்கிழக்குக் காட்டுப் புகலிடங்களின் கண்ணிவெடியை அகற்ற ஒதுக்கியது. எண்ணெய் விற்ற காசுதான். இருப்பினும் சொந்தக் காசு. தன் மண்ணைத் தன் பணத்தால் தூய்மை செய்ய அங்கோலனுக்குத் தோன்றியது, இருபது நூற்றாண்டு இலக்கியம் பேசும் இனத்திற்கு இன்னும் தோன்றவில்லை.

இந்திய அரசைப் பற்றி இருசொல். ஓய்வுபெற்ற இந்தியப் படையலுவலர் நடத்தும் 'சர்வத்திரா', 'ஒரைசன்' ஆகிய நிறுவனங்களின் குழுக்கள், போர் முடிந்தபின் நடுவணரசின் செலவில் வடக்கே கண்ணியகற்றின. பெயரில் வடமொழியும் ஆங்கிலமும் மணப்பினும் செய்த வேலை நல்ல வேலை. ஆயினும் தில்லி இதனைக் கொடை என்று பறைசாற்றிற்று. இந்தியப் படையும் வெடி புதைத்த நிலத்தில் இந்தியப் பணம் செலவானால் அது கொடையா? கடனிற் சிறு பகுதி திருப்பப்பட்டது என்று சொல்வதே தகும். 1997இல் ஒட்டாவா நகரில் கையெழுத்தான கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் நூற்றறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் இணைந்தும், இந்தியா இன்றுவரை இணையவில்லை. 2001 இறுதியில் பாக்கித்தான் எல்லையில் படை குவித்தபோது ஏறத்தாழ 20 நூறாயிரம் கண்ணிவெடிகளைத் தன் உழவர் வயல்களிலேயே புதைத்த அரசு அது. இலங்கை அரசோ, எவ்வளவு கொடிது செய்திருப்பினும், 2017 திசம்பரில் அவ்வொப்பந்தத்தில் இணைந்தது. 1-6-2028க்குள் தன் நிலம் முழுவதையும் தூய்மை செய்யக் கட்டுப்பட்டுள்ளது. கைவசமிருந்த கண்ணிவெடிகளை 2021க்குள் அழித்தும் விட்டது. கொழும்பு செய்ததைத் தில்லி செய்யவில்லை என்பது சொல்லக் கசப்பான உண்மை.

அதற்காகக் கொழும்பிற்கு நற்சான்று வழங்குவதற்கில்லை. 2022இல் கடன் கட்ட இயலாது கைவிரித்த அந் நாடு, வடக்கில் நிறுத்தியுள்ள படைக்குச் சோறு போடக் கைவிரிக்கவில்லை. வெடியற்ற நிலமும் பல இடங்களில் உரியவர் கைக்கு வாராது படையின் வேலிக்குள் நிற்கின்றது. முல்லைத்தீவுக் கேப்பாப்பிலவு மக்கள் தம் சொந்தக் காணியைக் கேட்டு 2017இல் படைமுகாம் வாயிலில் இரவும் பகலும் அமர நேர்ந்தது. கண்ணி அகற்றிய நிலம் அன்றே உரியவர்க்கு என்னும் உறுதியைப் பணம் கொடுக்கும் ஒவ்வொருவரும் கேட்டுப் பெற வேண்டும்; இதுவரை கொடுத்தோர் இதனை அழுத்திக் கேட்டதாகத் தெரியவில்லை.

இனி, மூன்றாவது விடைக்கு வருவோம். சிங்களப் படை வைத்ததற்குச் சிங்கள அரசு பொறுப்பு. இந்தியப் படை வைத்ததற்கு இந்திய அரசு பொறுப்பு. புலிகள் வைத்ததற்குப் பொறுப்பு யார்? அவ்வமைப்பு இன்றில்லை. அவர்கள் வெற்றி கண்டபோது தன் வெற்றியென்று மகிழ்ந்த இனம், அவர்கள் மாவீரரென்று விளக்கேற்றும் இனம், அவர்கள் விட்டுச் சென்ற புகழுக்கு உரிமை கொண்டாடும் இனம், அவர்கள் மண்ணில் விட்டுச் சென்றதற்கும் உரிமை ஏற்க வேண்டும். தந்தை விட்ட வீட்டை ஏற்றுக்கொண்டு, தந்தை விட்ட கடனை ஏலோ அறக்கட்டளை அடைக்கட்டும் என்பான் ஒருவனை ஊர் என்ன பெயர் சொல்லி அழைக்கும்? இதனைச் சொன்னால் சிலர்க்குச் சினம் வரும். வரட்டும். அச் சினம் முகமாலையில் ஒரு சாண் நிலத்தையும் வாராது.

தமிழ்நாட்டால் இயலாதா? 2022ஆம் ஆண்டு ஏப்பிரல் 29 அன்று தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இலங்கை மக்கட்கு உதவ ஒருமனதாக முடிவெடுத்தது. 40,000 தொன் அரிசியும் 500 தொன் பால்மாவும் உயிர்காக்கும் மருந்துகளும் என ஏறத்தாழ 123 கோடி உருவா மதிப்பிலான பொருள்கள் திட்டமிடப்பட்டன. மே 18ஆம் நாள் முதற் கப்பல் சென்னையினின்று புறப்பட்டது. சிங்களர், தமிழர், முசுலிம்கள் என வேறுபாடின்றி யாவர்க்கும் என்று சொல்லியே அனுப்பப்பட்டது. பசித்தவன் இனம் கேட்கும் வழக்கம் தமிழர்க்கில்லை. அயல்நாட்டுக்கு ஒரு மூட்டை அரிசி அனுப்பவும் நடுவணரசின் இசைவுக்குக் கைகட்டி நிற்கவேண்டிய நிலையிலேயே ஏழரைக் கோடி மக்களின் அரசு உள்ளது என்பதும் அப்போது வெளிப்பட்டது. அந்த இழிவு ஒருபுறம் இருக்க, கேட்டால் இசைவு வரும் என்பதும் வெளிப்பட்டது.

ஆகலின் கேட்க வேண்டியது இது. அன்று திட்டமிட்டதிற் பத்திலொரு பங்கு, அஃதாவது ஆண்டுக்கு 12 கோடி உருவா, 2028 வரை ஒவ்வோராண்டும் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் கண்ணியகற்றும் வேலைக்கெனத் தமிழ்நாட்டு வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கப்படல் வேண்டும். களத்தில் ஏற்கெனவே வேலை தெரிந்த அமைப்புகள் வழியே, அங்குள்ள பெண்களின் ஊதியமாக அது செல்ல வேண்டும். புதிய வாரியம், தலைவர், மகிழுந்து என்று சென்னையிலேயே அது கரைந்துவிடக் கூடாது. காலிழந்தோர்க்குச் செயற்கைக் கால் பொருத்தும் செலவும் இதனுள் அடங்கலாம். ஒட்டாவா ஒப்பந்தத்தில் இந்தியா இணைய வேண்டுமென அதே சட்டமன்றம் முடிவெடுத்துத் தில்லிக்கு விடுக்கலாம். அதற்கு ஒரு காசும் செலவில்லை. புலம்பெயர்ந்த தமிழர் கனடாவிலும் இலண்டனிலும் ஆண்டுதோறும் எழுப்பும் கோபுரங்களில் ஒன்றைச் சற்றே தாழ்வாகக் கட்டினாலும் ஒரு வாருகோற் குழுவிற்கு ஓராண்டு ஊதியம் தேறிவிடும்.

அடுத்த வரவு செலவுத் திட்டக் கூட்டத்திற்கு முன்னதாகத் தத்தம் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர்க்கு இதுபற்றி மடல் விடுப்பது இதனைப் படிப்போர் உடனே செய்யக்கூடிய வேலை. மலையூர்களில் உள்ளோர் கலசப்பாக்கம், செங்கம், திருப்பத்தூர், ஆம்பூர் எனத் தம் தொகுதி அறிந்து எழுதுக. மடல் தூய தமிழில் அமைக. கேட்கும் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் தெளிவாக எழுதுக.